ஐக்கியம்: சபையில் ஒரு பொருள், படகில் ஒரு பொருள்

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐக்கியக் கூட்டம் இருக்கிறது, எல்லாரும் வந்துவிடுங்கள்" என்று சபையில் அறிவித்தால், எதைச் சொல்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் பாய் விரித்து உட்காருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒருவர் சாட்சி, அப்புறம் ஜெப விண்ணப்பங்கள், கடைசியில் டீயும் சுண்டலும். அந்த 'ஐக்கியம்' என்றால் என்ன என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். ஒருவர் "ஒற்றுமை" என்பார். இன்னொருவர் "ஃபெலோஷிப்" என்பார். ஃபெலோஷிப் என்றால் என்ன என்று கேட்டால் மறுபடியும் "ஐக்கியம்" என்றுதான் பதில் வரும்.

ஐக்கியம் வடசொல். 'ஏக' என்பதிலிருந்து வந்தது; ஒன்றாகிவிட்ட நிலை என்று பொருள். கிறிஸ்தவர்கள் கையில் வருவதற்கு முன்பே சமய உலகில் நன்றாகப் புழங்கிய சொல் இது. வீரசைவத்தில் ஆன்மா ஏறிச்செல்லும் ஆறு நிலைகளில் கடைசிக்குப் பெயரே ஐக்கியம். அதற்கப்புறம் இரண்டு என்று எண்ண எதுவும் இல்லை. "சோதியில் ஐக்கியமானார்" என்று நாம் சொல்வதும் அந்தப் பொருளில்தான். பேச்சு வழக்கு இதைக் கொஞ்சம் கேலியாகவே பிடித்துக்கொண்டது. கட்சி மாறியவர் புதுக் கட்சியில் ஐக்கியமாகிறார், பள்ளி விட்டு வந்த பையன் டிவி முன்னால் ஐக்கியமாகிறான்.

இனி வேதாகமத்தில் ஐக்கியம் என்று மொழிபெயர்க்கப்பட்ட மூலச் சொல்லுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அது 'கொய்னோனியா'. அதன் அடி 'கொய்னோஸ்', அதாவது பொது. அந்தக் காலத்துப் பொதுமக்கள் பேசிய கிரேக்கத்துக்கு 'கொய்னே' என்ற பெயர் வந்ததும் இதே அடியிலிருந்துதான். ஆக, கொய்னோனியா என்பது பலர் ஒன்றைப் பொதுவாக வைத்திருப்பது, ஒன்றில் பங்கு உடையவராக இருப்பது. தொழில் கூட்டுக்கும் அந்தச் சொல்தான், திருமண உறவுக்கும் அந்தச் சொல்தான். அரிஸ்டாட்டில் நகர அரசையே ஒரு கொய்னோனியா என்கிறார்.

நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு இந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகக் கையாண்டிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அப்போஸ்தலர் 2:42-இல் அது 'அந்நியோந்நியம்'. ஒருவருக்கொருவர் என்ற பொருளுள்ள வடசொல் அது. இன்று பெரும்பாலும் கணவன் மனைவிக்கே ஒதுக்கப்பட்டுவிட்டது. 1 யோவான் முதல் அதிகாரத்தில் அதே சொல் 'ஐக்கியம்'. ரோமர் 15:26-இல், எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியரும் அகாயாவில் உள்ளவர்களும் பணம் திரட்டியதைச் சொல்லும்போது, அதே கொய்னோனியா 'பொருள் சகாயம்' ஆகிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு அப்போஸ்தலர் பகுதியில் 'நட்புறவு' என்று போட்டிருக்கிறது. இனிமையான சொல்தான். ஆனால் நட்புறவில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கொய்னோனியாவில் பணப்பையும் சேர்ந்தே வருகிறது. அப்போஸ்தலர் 2:42-ஐத் தாண்டி இரண்டு வசனம் போனால், விசுவாசிகள் சகலத்தையும் 'பொதுவாய்' வைத்து அநுபவித்தார்கள் என்று இருக்கிறது. அந்தப் 'பொது', மூலத்தில் கொய்னோஸ்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் லூக்கா 5:10. வலை கிழியும் அளவுக்கு மீன் பட்ட அந்தக் காலையில், யாக்கோபும் யோவானும் சீமோனுக்கு 'கொய்னோனோய்' என்று எழுதுகிறார் லூக்கா. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைக் 'கூட்டாளிகள்' என்கிறது. எவ்வளவு சரியான சொல்! கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிடித்த மீனில் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, போன ஆளுக்குப் பங்கு என்று பிரிப்பது அவர்கள் அன்றாடம் பார்ப்பது. நல்ல மீன்பாடு என்றால் எல்லாருக்கும். வெறும் வலையோடு திரும்பினால் அதுவும் எல்லாருக்கும். கொய்னோனியா படகில் இருக்கும்போது கூட்டு, கோயிலுக்குள் வந்ததும் ஐக்கியம். இந்த இடமாற்றத்தில் பங்கு என்ற பொருள் கழன்று விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

ஃபெலோஷிப் என்ற ஆங்கிலச் சொல்லும் பணத்தில் பிறந்ததுதான். பழைய நார்ஸ் மொழியின் 'ஃபேலாகி' அதற்கு மூலம். 'ஃபே' என்றால் ஆடுமாடு, செல்வம், பணம். தன் செல்வத்தை மற்றவனோடு சேர்த்து வைப்பவன் ஃபேலாகி. மாடு செல்வமாவது நமக்குப் புதிதில்லை. "மாடல்ல மற்றை யவை" என்ற குறளில் மாடு என்றால் செல்வம்தானே. பல்கலைக்கழகம் தரும் ஃபெலோஷிப்பில் பணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்துச் சபைகளில்தான் அது ஆராதனைக்குப் பிந்திய டீயாகச் சுருங்கிவிட்டது.

சிறு குழுவின் வரலாற்றிலும் பணம் வந்து நிற்கிறது. 1670-இல் பிராங்க்ஃபர்ட்டில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர் சிலரைத் தன் வீட்டில் கூட்டி, வேதமும் ஜெபமுமாக உட்காரவைத்தார். அந்தப் பக்தி இயக்கம் ஹாலே நகரில் வளர்ந்தது; அதில் உருவான மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அதனால் வீட்டுக் கூட்டம் நமக்கு நேற்று வந்த சரக்கில்லை. இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1742-இல் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் தங்கள் ஆராதனைக் கூடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று பேச்சு வந்தது. ஏழைகளால் முடியாதே என்றார் ஒருவர். ஃபாய் என்ற கப்பல் தலைவர், ஏழைகளில் 11 பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். அப்படியே 12 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. காசு வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்களுக்கு, யார் எப்படி வாழ்கிறார் என்பதும் தெரிய வந்தது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் இப்படி வசூலில் ஆரம்பித்ததுதான்.

இந்தக் குழுக்களோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் சீஷத்துவம். சீஷன், சீடன் இரண்டும் 'சிஷ்ய' என்ற ஒரே வடசொல்லின் பிள்ளைகள். கிரேக்கத்தின் 'மத்தேத்தேஸ்' கற்றுக்கொள்பவன் என்று மட்டுமே சொல்கிறது. தமிழில் மாணாக்கன் நேராகப் பொருந்தும். பள்ளிக்கூட வாடை அடிக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு குறை இல்லை.

குழுவுக்குப் பெயர் வைப்பதில் கத்தோலிக்கர் முந்திக்கொண்டார்கள். அடித்தளக் கிறிஸ்தவச் சமூகம் என்ற நீண்ட பெயருக்கு 'அன்பியம்' என்று ஒரு சொல்லைக் கட்டிவிட்டார்கள். பெண்ணியம், மார்க்சியம் வரிசையில் வருவதுபோல் முதலில் கேட்டாலும், நாக்குக்குப் பழகிவிட்டது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் 'செல் குரூப்', 'கேர் செல்' என்கிறார்கள். லத்தீனில் சிற்றறை என்ற பொருளுள்ள சொல் அது. துறவியின் அறைக்கும் உடலின் உயிரணுவுக்கும் ஆகி, பிரிந்து பெருகும் அணு என்ற உவமையோடு சபைக்குள் வந்தது. சியோலில் டேவிட் யாங்கி சோ தன் பெரிய சபையை இத்தகைய குழுக்களால் கட்டியது அதை உலகெங்கும் பரப்பியது. தமிழில் செல் என்றால் கறையான் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வீட்டுக் கூட்டம் என்றாலே போதுமானது.

சரி, ஐக்கியத்துக்குத் தமிழ் என்ன? 'கூட்டுறவு' அச்சாகப் பொருந்தும், ஆனால் அதைச் சொன்னதும் பயிர்க்கடனும் சங்கத் தேர்தலும் நினைவுக்கு வந்துவிடும். 'பங்காளி' என்றால் பின்னாலேயே சண்டை வரும். 'தோழமை' அழகானது, அதிலும் பணப்பை இல்லை. வெறும் 'கூட்டு' என்பதே என் தேர்வு. சமையலறையில் அதற்கு வேறு பொருள் இருப்பது இடைஞ்சலே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் அசனத்தில் ஆளுக்கு அரிசியும் ஆடும் கொடுத்து, ஊரே ஒரே பந்தியில் சாப்பிடுகிறதே, அந்தச் சோற்றையும் கொய்னோனியா என்று லூக்கா தயங்காமல் எழுதியிருப்பார். அறிவிப்பில் 'ஐக்கியக் கூட்டம்' என்றே இருந்துவிட்டுப் போகட்டும். ஐக்கியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், 1 யோவானுக்குப் போகும் முன் லூக்கா 5-ஐத் திறந்து அந்தக் கூட்டாளிகளைக் காட்டலாம்.