சாங்சுவரி ஸ்டேட்: சரணாலயமா, அடைக்கலமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்குக் குடிபோன நண்பர் ஒருவர், மதுரையில் இருக்கும் தன் அம்மாவுக்கு போனில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு விலை, வரி, காரின் கண்ணாடியை இரண்டு முறை உடைத்துப் பையைத் தூக்கிப் போனது எல்லாம் சொல்லி முடித்து, "அது சாங்சுவரி ஸ்டேட்டும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அம்மா கேட்டார்: "சரணாலயமா? வேடந்தாங்கல் மாதிரியா?"

அமெரிக்காவில் உரிய ஆவணமில்லாமல் குடியிருப்பவர்களைப் பிடிக்க மத்திய அரசுக்குக் கைகொடுக்க மறுக்கும் மாநிலத்துக்குத்தான் 'சாங்சுவரி ஸ்டேட்' என்று பெயர். ஆனால் அம்மா மேல் தப்பில்லை. அகராதியைப் பிரித்தால் சாங்சுவரிக்கு நேராகச் சரணாலயம் என்றுதான் இருக்கும். செய்திகளிலும் 'சரணாலய நகரங்கள்' என்று எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் சரணாலயம் என்றதும் நாரையும் கூழைக்கடாவும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

மூலச் சொல் லத்தீனின் 'சாங்க்டுவாரியும்'. புனிதமானவற்றை வைக்கும் இடம் என்று பொருள். ஏறத்தாழ நம் கருவறை. அங்கே நுழைந்தவன் மேல் கைவைக்கக் கூடாது என்ற வழக்கத்திலிருந்துதான் புகலிடம் என்ற பொருள் வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் இது வெறும் வழக்கமல்ல, சட்டம். கொலை செய்தவனோ திருடியவனோ தேவாலயத்துக்குள் ஓடிவிட்டால் பொதுவாக 40 நாள் அவனைப் பிடிக்க முடியாது. டர்ஹம் பேராலயத்தில் கணக்கு 37 நாள். அதன் கதவிலிருந்த வெண்கல வளையத்தைத் தட்டினால் உள்ளே விடுவார்கள். கெடு முடிவதற்குள் அவன் வழக்குக்கு உடன்பட வேண்டும். இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, துறைமுகம் வரை நடந்து, நாட்டை விட்டே போய்விட வேண்டும். 1624-இல் நாடாளுமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆக, இந்தச் சொல்லின் பழைய வீட்டில் உண்மையாகவே குற்றவாளி குடியிருந்திருக்கிறான். இன்று 'சாங்சுவரி' என்றதும் 'ஓ, குற்றவாளிக்கு இடம் கொடுக்கிறார்கள்' என்று ஒருவருக்குத் தோன்றினால், சொல்லின் வரலாறு அவர் பக்கம்தான் நிற்கிறது. சட்டம் நிற்கிறதா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் சொல் மறுபடி உயிர்பெற்றது 1982-இல். எல் சால்வடோர், குவாத்தமாலா உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தஞ்சம் தர மறுத்தபோது, அரிசோனாவின் டூசான் நகரில் ஜான் ஃபைஃப் என்ற பாதிரியாரின் தேவாலயமும், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பக்கத்துத் தேவாலயங்கள் சிலவும் 'நாங்கள் சாங்சுவரி' என்று வெளிப்படையாக அறிவித்தன. 1985-இல் சான் பிரான்சிஸ்கோ தன்னைப் புகலிட நகரம் என்று தீர்மானம் போட்டு அழைத்துக்கொண்டது; 1989-இல் அதைச் சட்டமாக்கியது. இப்படித்தான் சொல் கோயில் படியிறங்கி நகராட்சிக்குள் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வந்தேறிகளின் ஆவணத்தைத் தேடுவதற்காகவே போலீஸ் ஒருவரை நிறுத்தக் கூடாது என்ற விதியை லாஸ் ஏஞ்சலஸ் 1979-லேயே கொண்டுவந்துவிட்டது. கொண்டுவந்தவர் கெடுபிடிக்குப் பேர்போன போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ். ஆவணமில்லாதவர்கள் பயந்தால் புகார் தரவும் சாட்சி சொல்லவும் வரமாட்டார்கள் என்ற போலீஸ் கணக்கு அது. இதில் கருணையும் இல்லை, கருவறையும் இல்லை.

நண்பர் சொன்ன 'ஸ்டேட்' 2017-இல் வந்தது. எஸ்.பி. 54 (செனட் மசோதா 54) என்ற அந்தச் சட்டத்துக்கு இட்ட பெயர் 'கலிஃபோர்னியா விழுமியச் சட்டம்'. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அக்டோபரில் கையெழுத்திட, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர் போலீஸ் குடிவரவு நிலையை விசாரிக்கக் கூடாது. விடுதலையாக வேண்டிய ஒருவரை, மத்திய குடிவரவுத் துறை கேட்கிறது என்பதற்காகக் கூடுதல் நேரம் லாக்கப்பில் வைக்கக் கூடாது. சாரம் இவ்வளவுதான். கொலை, பாலியல் வன்முறை போன்ற கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர்களைப் பற்றித் தகவல் தரத் தடையில்லை. மத்திய அதிகாரிகள் தாங்களே வந்து கைது செய்யவும் தடையில்லை. 'உன் வேலையை நீ பார், என் ஆளைக் கூப்பிடாதே' என்பதுதான் மாநிலத்தின் நிலை. மத்திய அரசு வழக்குப் போட்டது, எஸ்.பி. 54 தப்பித்தது. அதற்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று 1997-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்க உள்ளூர் போலீஸுக்குக் கட்டளையிட்ட மத்திய சட்டத்தை எதிர்த்து மொன்டானா, அரிசோனாவின் ஷெரிப்புகள் (உள்ளூர் போலீஸ் தலைவர்கள்) இருவர் வென்ற வழக்கு அது. மத்திய அரசு தன் வேலையை மாநில அதிகாரிகள் தலையில் கட்ட முடியாது என்பதுதான் தீர்ப்பு.

சரி, விட்டுப் போனவர்கள் சொல்வதெல்லாம் கற்பனையா? அப்படிச் சொன்னால் அநியாயம். 2020-இல் கலிஃபோர்னியாவில் கொலைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடின. கார் உடைப்பும் கடைத் திருட்டும் கண்ணில் படும் குற்றங்கள். ஆனால் அந்த ஆண்டு டெக்சாஸிலும் கொலைகள் ஏறின. இன்னும் பின்னால் போனால் படமே மாறுகிறது: 1993-இல் கலிஃபோர்னியாவில் 4,000-க்கு மேல் கொலைகள், 2023-இல் மக்கள்தொகை பல லட்சம் கூடிய பிறகும் 2,000-க்குக் கீழ்தான். அதே காலத்தில் வெளிநாட்டில் பிறந்தவர்களின் பங்கு ஏறித்தான் இருக்கிறது. 1970-இல் நூற்றுக்கு ஒன்பது பேர், இன்று நூற்றுக்கு இருபத்தேழு.

இன்னொன்று. ஆவணமில்லாதவர்களின் குற்ற விகிதத்தைக் கணக்கிட நல்ல தரவு டெக்சாஸில்தான் கிடைக்கிறது. அங்கே கைதாகும்போதே குடிவரவு நிலையைப் பார்க்கிறார்கள். அந்தத் தரவை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, கடுங்குற்றங்களுக்காகக் கைதாவதில் ஆவணமில்லாதவர்களின் விகிதம் அமெரிக்காவில் பிறந்தவர்களுடையதைவிடக் குறைவு என்றே கண்டது. நண்பர் ஓடிப்போய்ச் சேர்ந்த ஊரின் கணக்கு அது.

விட்டுப் போனவர் மனதில் ஊர் ஒரு தேதியில் நின்றுவிடுகிறது. 1994-இல் ஆவணமில்லாதவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் கிடையாது என்ற 187-ஆம் முன்மொழிவுக்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் வாக்களித்த மாநிலம்தான் கலிஃபோர்னியா. அந்த நாளில் இருந்தவருக்கு 2017-இன் மாநிலம் வேறு நாடாகத் தெரியும். அவருக்கு 'சாங்சுவரி' ஒரு சட்டத்தின் பெயராகப் படாது. தனக்குப் பிடிக்காமல் போன எல்லாவற்றுக்கும் ஒட்டிய ஒரே சீட்டாகத்தான் படும்.

தமிழுக்கு வருவோம். தஞ்சம் சொல்லலாமா? சங்கப் பாட்டில் அதன் பொருளே வேறு. 'மெல்ல வந்து' காலடி சேர்ந்து ஈ என்று கேட்டால் 'அரசோ தஞ்சம்', உயிரையே கொடுப்பேன் என்கிறான் புறநானூற்றில் நலங்கிள்ளி. அங்கே தஞ்சம் என்றால் எளிது. இன்றோ 'அரசியல் தஞ்சம்' என்று ஒரு தனி மனிதர் சட்டப்படி கேட்டுப் பெறுவதற்கு அது போய்விட்டது. ஈழத்தமிழர் 'அசைலம் அடிக்கிறது' என்பார்களே, அது. புகலிடமும் இலங்கை வழக்கில் அதே பொருளுக்கு ஓடுகிறது. இரண்டையும் இங்கே கொண்டுவந்தால், கலிஃபோர்னியா குடியுரிமையே கொடுக்கிறதோ என்று வாசகர் குழம்புவார்.

மிஞ்சுவது அடைக்கலம். அதில் ஒரு கனம் உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். காரியம் கெட்டபின் 'அடைக்கலம் இழந்தேன்' என்று மாதரி தீயில் பாய்கிறாள். அடைக்கலம் கொடுத்தவர் அந்த அளவுக்குப் பொறுப்பு ஏற்கிறார். கலிஃபோர்னியா அப்படி எதையும் ஏற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே.

அதனால் நான் இப்படி எழுதுவேன்: மேடைப் பேச்சையோ நண்பர் மாதிரியானவர்களின் கோபத்தையோ சொல்லும்போது 'அடைக்கல மாநிலம்'. ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவரும் அந்தச் சூட்டோடுதான் சொல்கிறார்கள். சட்டம் என்ன செய்கிறது என்று விளக்கும்போது 'ஒத்துழையா மாநிலம்'. காந்தி காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல், கூடுதல் விளக்கம் வேண்டாம். நண்பரின் அம்மாவுக்கு இரண்டாவதைச் சொன்னதும் புரிந்துவிட்டது. "அதுக்கா வீட்டை வித்துட்டுப் போனான்?" என்று கேட்டார். வீட்டு விலையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.