முதியோர் இல்லத்தில் கை கழுவாமல் தொடுகிறார்களா? புகாரில் "சுத்தமில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள்

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அம்மாவை இல்லத்தில் விட்டிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு முதியவருக்குத் தீங்கு வந்தாலும், வரக்கூடும் என்றாலும், அது கொடுமைதான், குற்றம்தான்.

வயதில் கவனம்: அரசின் முதியோர் உதவித்தொகை இருபாலருக்கும் 60இல் கிடைக்கிறது. இந்தச் சட்டத்திலோ பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65. 62 வயது அப்பாவுக்காகப் போனால் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.

தவறு பெரும்பாலும் கிளவுஸில்தான் நடக்கிறது. நாப்பி மாற்றிய அதே கிளவுஸோடு வாய் துடைப்பார்கள், அடுத்த கட்டிலுக்கும் போவார்கள். அழுக்கு வேலை முடிந்ததும் கிளவுஸைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கையில் அழுக்குத் தெரியாவிட்டால் ஆல்கஹால் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். மலம் பட்டிருந்தாலோ யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. மூத்திரக் குழாய் போட்டவருக்கு மாட்டும் மூத்திரப் பை தரையில் படக்கூடாது, அவர் உடலில் சிறுநீர்ப்பை இருக்கும் மட்டத்துக்கு மேலே தூக்கவும் கூடாது. "குழாயில் தண்ணீர் வரவில்லை" என்பது சாக்கு. 2022 வெள்ளத்துக்குப் பின் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊர் மாதக்கணக்கில் தண்ணீரில்லாமல் தவித்த பிறகும், குழாய் வைத்த மூடிய வாளி ஒன்றைத் தயாராக வைக்காத இல்லத்தை என்ன சொல்வது?

இனி அலைச்சல். சுகாதாரத் துறை, "சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போங்கள்" என்னும். அங்கே போனால், "நர்சிங் விஷயம், செவிலியர் மன்றத்தைக் கேளுங்கள்" என்பார்கள். மன்றம் தன் பதிவேட்டில் உள்ளவர்களைத்தான் விசாரிக்கும். குளிப்பாட்டி, நாப்பி மாற்றும் பராமரிப்புப் பணியாளர்கள் பலர் அதில் இல்லை. அந்தச் சுற்றில் மாதங்கள் போய்விடும். மாகாண சமூக மேம்பாட்டுத் துறைக்கே எழுத்தில் கொடுங்கள். போலீஸிடமும் சொல்லலாம், சட்டம் இரு வழியையும் திறந்தே வைத்திருக்கிறது.

எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை, எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்குக் கை கழுவாமல் போனார், அதன் பிறகு யாருக்கு என்ன நோய் வந்தது என்று எழுதுங்கள். "30ஆம் பிரிவு" என்பதையும் சேருங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். வாயால் மட்டும் சொன்னால் பிறகு காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்காது. இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் அதையே முதல் வரியாக எழுதுங்கள்.

"வேறு இடம் பாருங்கள்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். வெளியேற்ற 30 நாள் முன்னறிவிப்பு தேவை. அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.