சுடாத துப்பாக்கியெல்லாம் புதுத் துப்பாக்கி அல்ல

பாளையங்கோட்டையில் துப்பாக்கி விற்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் பெற்ற கடை நடத்துகிறேன். கைமாறி வரும் துப்பாக்கியைப் "புதிது" என்று சொல்லி விற்பது இந்தப் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் அண்மையில் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்த பிறகு எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அவருக்கு வங்கிக் காவலர் வேலை கிடைத்திருக்கிறது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்தால்தான் அந்த வேலை. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்திலிருந்து எடுத்து ஒரு 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். விற்றவர் "ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை, புத்தம் புதிது" என்று சொல்லி, கடை விலைக்குக் கொஞ்சம் குறைவாகத் தொகை வாங்கியிருக்கிறார். குழலை மூடினால் இறுக்கமாக உட்காரவில்லை, லேசாக ஆடுகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார்.

மேசையில் வைத்துத் திறந்து பார்த்தேன். தோட்டாவின் அடிப்பக்கம் வந்து அமரும் முகப்பு சுத்தமாக இருந்தது. நிறையச் சுட்ட துப்பாக்கியில் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் வரும் துளையைச் சுற்றிப் பித்தளை தேய்ந்த வளையம் தெரியும். இதில் அது இல்லை. ஆகவே விற்றவர் சுடவில்லை என்று சொன்னது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் குழலைத் திறக்கத் தள்ளும் மேல் லீவரைப் பாருங்கள். புது இரட்டைக்குழலில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக நிற்கும். குழலை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் தாண்டும். இதில் தாண்டியிருந்தது. இடது கை பிடிக்கும் இடத்தில் வியர்வை அரித்துக் குழலில் சொரசொரப்பு. தோள்வார் வளையம் பாதி தேய்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேராகக் குழலைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே அங்கங்கே துருப் புள்ளிகள்.

இதுவும் முன்பு ஒரு காவலரிடம் இருந்த துப்பாக்கிதான். வேலைக்கு வந்ததும் தோட்டா போட ஒரு முறை, கிளம்பும்போது எடுக்க ஒரு முறை என்று தினமும் திறந்து மூடியிருக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் தோளில் தொங்கியிருக்கிறது. போதாக்குறைக்குத் தேர்தல் அறிவிப்பு வந்தாலே லைசென்ஸ் துப்பாக்கிகள் பலவற்றை வாங்கிக் காவல் நிலையத்தில் வைத்துவிடுகிறார்கள். அங்கே எண்ணெய் போட்டுத் துடைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் உள்ளே போய் வருகிற துப்பாக்கி, ஒரு தோட்டா வெடிக்காமலேயே கெட்டுப்போகும்.

எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருவது இந்த ஒரு நம்பிக்கைதான்: சுட்டால் பழையது, சுடாவிட்டால் புதியது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். அரசு அதிகாரிகளும் சொல்கிறார்கள். இது இரண்டு பக்கமும் தவறு.

முதல் பக்கம். முறையான தொழிற்சாலையிலிருந்து சுடப்படாமல் வெளியே வரும் துப்பாக்கி கிடையாது. வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் கொடுக்கும் சோதனைத் தோட்டாவைப் போட்டு வெடிக்கச் செய்து, குழல் தாங்குகிறது என்று உறுதியான பிறகுதான் சோதனை முத்திரையே குத்துவார்கள். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால் அந்த முத்திரை தெரியும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 முதல் இதைச் செய்துவருகிறது. பெட்டி பிரிக்காத துப்பாக்கியின் குழலில் புகைக் கறை இருக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தக் கறை உங்கள் உயிருக்குத் தொழிற்சாலை கொடுத்த உத்தரவாதம். அதனால் துப்பாக்கி பழையதாகிவிடாது.

இரண்டாவது பக்கம்தான் முக்கியம். ஒருவருடைய லைசென்சில் துப்பாக்கியின் எண் ஏறி, அவர் கையில் போய்ச் சேர்ந்துவிட்டால், அது புதுத் துப்பாக்கி அல்ல. சுட்டாரா, பீரோவில் பூட்டி வைத்தாரா என்பது வேறு கேள்வி. ஆர்.சி. புத்தகத்தில் ஒருவர் பெயர் ஏறிய பைக்கைப் பத்தே கிலோமீட்டர்தான் ஓடியது என்பதற்காக யாராவது புது வண்டி என்று வாங்குவோமா?

ஒரு வாரக் கணக்கு சொல்பவர்களும் வருகிறார்கள். வாங்கிப்போய் வீட்டில் எதிர்ப்பு வந்து, ஒரு வாரத்தில் கடைக்கே திருப்பித் தருவார்கள். பெட்டியைக்கூடச் சரியாகப் பிரித்திருக்க மாட்டார்கள். அதைப் புதிதாக விற்கலாமா என்று தொழிலில் உள்ளவர்களே என்னைக் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அந்த ஒரு வாரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வெறும் குழலில் விசையை இழுத்து இழுத்து விளையாடியிருக்கலாம். கீழே போட்டிருக்கலாம். "ஒரு வாரம் ஒருவரிடம் இருந்தது, சுடவில்லை என்கிறார்" என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பதுதான் நேர்மை. மாறாக, முன்பணம் கட்டியவருக்கு லைசென்ஸ் கிடைக்காமல் போய், துப்பாக்கி கடையை விட்டு நகரவே இல்லை என்றால் அது புதிதுதான். ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்கு இருப்பை மாற்றிக் கொடுத்தாலும் புதிதுதான். பல வருடம் அலமாரியிலேயே நின்றுவிட்ட சரக்கும் புதிதுதான், ஆனால் எந்த ஆண்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டை வறண்டு விரிசல் விட்டிருக்கும், உள்ளே இருக்கும் கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். பல வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கிகள் அப்போதுதான் வெளியே வந்தன. "பெட்டியிலேயே இருந்தது, தொட்டதே இல்லை" என்ற பேச்சு அதிலிருந்துதான் பெருகியது. ஜமீன் காலத்து ஆங்கிலத் துப்பாக்கிகளுக்கு இங்கே மவுசு அதிகம். 1980களின் நடுவிலிருந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அவற்றின் மதிப்பும் ஏறிக்கொண்டே போகிறது. அவற்றை மெருகேற்றி விற்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

பழைய குழல்களில் ஒரு வகை உண்டு. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்தவை, டமாஸ்கஸ் குழல் என்பார்கள். மேலே அலை அலையாகக் கோலம் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை கரிமருந்துக்காக, அதாவது புகை கக்கும் பழைய காலத்து வெடிமருந்துக்காகச் செய்தவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கலாம், இடது கை விரல்கள் போகலாம். அந்தக் கோலம் தெரியாமல் மேலே கறுப்பு மெருகு ஏற்றிவிட்டால், வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே போய்விடும், வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். துப்பாக்கி புதிது என்று நம்புகிறவர் இதையெல்லாம் கேட்கவே மாட்டார். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

மெருகு புதிதாக ஏற்றியதா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. செய்தவர் பெயரும் எண்ணும் குத்திய எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். தேய்த்து மெருகேற்றியிருந்தால் எழுத்து மழுங்கியிருக்கும், திருகாணித் துளையின் ஓரம் குழிந்திருக்கும், திருகாணித் தலை பிசிறடித்திருக்கும். குழல், நடுப்பகுதி, முன்கட்டை ஆகிய மூன்றிலும் எண் குத்தியிருந்தால் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்ணைத் தேய்த்திருந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும், எண் இல்லாத துப்பாக்கியை விற்பதும் ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவின்படி குற்றம். மலிவாகக் கிடைத்தது என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. பழைய, புதுப்பித்த, கைமாறிய பொருளைப் புதிது என்று பொய்யாகக் காட்டுவது நியாயமற்ற வணிக முறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) நேரடியாகவே சொல்கிறது. கடைக்காரர் அப்படி விற்றிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தனி ஆள் தன் சொந்தத் துப்பாக்கியை விற்றிருந்தால் அந்த வழி பெரும்பாலும் பயன்படாது. ஆனால் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவில் இருக்கிறது. அதை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். நாங்குநேரிக்காரரால் இரண்டையும் செய்ய முடியவில்லை. "புதிது" என்பதை அவர் எங்குமே எழுதி வாங்கவில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. படை வேலை பார்த்தவர், இன்னொருவர் வாக்கை நம்பிவிட்டார்.

தயவுசெய்து இவற்றையாவது செய்யுங்கள். புதிது என்று ஒரு கடை சொன்னால், தொழிற்சாலையிலிருந்து அந்த எண்ணுக்கு வந்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள். இருப்புப் பதிவேட்டில் எல்லாம் இருக்கும், காட்டுவதற்குத் தயங்க ஒன்றுமில்லை. தனி ஆளிடம் வாங்கினால், அவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் முடிந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும். அதற்கு முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். "வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எடுத்துப் போகவே கூடாது. உங்கள் லைசென்சில் ஏறாத துப்பாக்கி உங்கள் வீட்டில் ஒரு இரவு இருந்தாலும் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் கை மாறியது, எந்த வேலைக்குப் பயன்பட்டது, மெருகேற்றினீர்களா, எந்தத் தோட்டா போடலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கடையம், களக்காடு மலையடிவாரத்தில் பயிர்க் காவலுக்கு என்று வாங்குகிற விவசாயி அந்தத் தாளைப் பார்த்துத்தான் தோட்டா வாங்குவார். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். அந்த வங்கிக் காவலருக்குப் பூட்டை இறுக்கிக் கொடுத்தேன், இப்போதைக்குப் பிடித்து நிற்கும். குழலில் விழுந்த துருவை என்னால் எடுக்க முடியாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.