என்கே வால்மீனும் இரண்டரை மணி நேரமும்

1818 நவம்பர் 26 அன்று பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ழான் லூயி போன்ஸ் மங்கலான வால்மீன் ஒன்றைக் கண்டார். வானாய்வகத்தின் வாயிற்காவலராகப் பணியில் சேர்ந்து வானியலாளராக உயர்ந்தவர் அவர். 1805இல் தாமே கண்ட வால்மீன்தான் அது என்பதை அவர் அப்போது அறியவில்லை. அதற்கு முன்பே 1786இல் பியேர் மெஷேனும் 1795இல் கரோலின் ஹெர்ஷலும் அதைக் கண்டு, புதிய வால்மீன் என்றே பதிவு செய்திருந்தனர்.

வால்மீனின் ஒளியும் வாலும் வருகைக்கு வருகை மாறுவதால், தோற்றத்தைக் கொண்டு அதை அடையாளம் காண இயலாது. பாதை ஒன்றே அதன் அடையாளம். பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று நிலைப்பதிவுகள் வேண்டும். மெஷேனுக்கோ இரண்டு இரவுகளின் பதிவுகளே கிடைத்தன. சூரியனுக்கு அருகில் காணப்படும் பாதையின் சிறு வளைவுப் பகுதியைக் கொண்டு, மூடிய நீள்வட்டத்தையும் திரும்பி வராத பரவளையத்தையும் வேறுபடுத்துவதும் எளிதன்று.

1818ஆம் ஆண்டின் வால்மீன் ஏறத்தாழ ஏழு வாரங்கள் தென்பட்டது. கணிதவியலாளர் காஸின் மாணவரான யோஹான் பிரான்ஸ் என்கே அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, அது ஏறக்குறைய 3.3 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றி வருவதாகக் கண்டறிந்தார். கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் காலத்தில் பின்னோக்கிக் கணித்தபோது நான்கு வால்மீன்களும் ஒன்றாயின. அவர் முன்னறிவித்தபடியே 1822 ஜூனில், ஆஸ்திரேலியாவின் பாரமாட்டாவில் கார்ல் ரூம்கர் அதை மீண்டும் கண்டார். ஹாலி வால்மீனுக்குப் பிறகு, வருகை முன்கூட்டியே கணிக்கப்பட்டு மெய்யான இரண்டாவது வால்மீன் இதுவே. கணித்தவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டாலும், என்கே அதைப் போன்ஸின் வால்மீன் என்றே குறிப்பிட்டு வந்தார்.

அதன் நீள்வட்டம் சூரியனுக்கு 0.34 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) வரை நெருங்கி, வியாழனின் பாதைக்கு உட்பட்ட 4.1 அலகு வரை விலகுகிறது. சூரியனுக்கு மிக அருகில் நொடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அது, மிகத் தொலைவில் 6 கிலோமீட்டராகத் தளர்கிறது.

ஆனால் கோள்களின் ஈர்ப்பு முழுவதையும் கணக்கில் கொண்ட பின்னும் ஒவ்வொரு சுற்றிலும் அது சுமார் இரண்டரை மணி நேரம் முந்தி வந்தது. விண்வெளியில் பரவிய மெல்லிய ஊடகம் அதைத் தடுக்கிறது என்று என்கே கருதினார். தடை இருந்தால் தாமதமாக அல்லவா வர வேண்டும் என்று தோன்றும். உண்மையில் ஆற்றல் குறையக் குறையப் பாதை சுருங்கி, சுற்றுக்காலமும் குறையும். ஆகவே அவரது கருத்து அவ்வளவில் பொருந்தியது. ஆயினும் ஹாலி வால்மீன் ஒவ்வொரு வருகையிலும் ஈர்ப்பு மட்டும் தரும் கணிப்பைவிட நான்கு நாள் அளவுக்குப் பிந்துகிறது. ஒரே ஊடகம் ஒன்றை முந்தவும் மற்றொன்றைப் பிந்தவும் வைக்காது.

1950இல் அமெரிக்க வானியலாளர் பிரெட் விப்பிள் வால்மீனின் உள்ளேயே காரணத்தைக் கண்டார். தூசு கலந்த பனிக்கட்டியாலான உட்கரு சூரிய வெப்பத்தில் ஆவியை உமிழ்கையில், ராக்கெட்டைப் போல எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. நண்பகலைத் தாண்டிய பிறகே நிலம் மிகுதியாகச் சூடேறுவதுபோல், உட்கருவிலும் பிற்பகல் பக்கத்திலேயே உமிழ்வு மிகும். தன்னைத்தானே சுற்றும் திசையும் சூரியனைச் சுற்றும் திசையும் ஒன்றாயின், அந்தப் பக்கம் பயணத்தின் பின்புறம் அமைவதால் உமிழ்வு உட்கருவை முன்னே தள்ளிச் சுற்றுக்காலத்தை நீட்டும். எதிராயின் பின்னே தள்ளிக் குறைக்கும். இவ்விதமாக முந்துவதற்கும் பிந்துவதற்கும் ஒரே விளக்கம் கிடைத்தது. அந்த இரண்டரை மணி நேரம் பின்னாளில் படிப்படியாகச் சுருங்கியதற்கும், உட்கருவின் சுழல் அச்சு மெல்லத் திசை மாறுவதே காரணம் என்று விப்பிளும் வானியலாளர் செக்கானினாவும் விளக்கினர்.