மரத்தை விட்டுவைத்தீர்கள், அதன் மண்ணை?

“மரத்தில நாங்கள் கையே வைக்கேல்லை ஐயா, அதுவாப் பட்டுப்போச்சு.” குடியிருப்புத் திட்டங்களுக்குத் தளவேலை பார்க்கும் எஞ்சினியர் நான், இந்த வசனம் எனக்கு மனப்பாடம். கடைசியாகச் சொன்னவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பெரிய வளவைத் துண்டு போட்டு வீடு கட்டி விற்கிறவர். நல்ல மனிதர்தான். விளம்பரத்தில்கூட அந்த வளவின் இரண்டு வேம்பையும் ஓர் இலுப்பையையும் படமெடுத்துப் போட்டிருந்தார். இப்போது மூன்றும் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன, பக்கத்து வளவுக்காரர் இரவில் மருந்து ஊற்றிவிட்டார் என்று இவருக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தேன். இலுப்பையின் தூர் எங்கே? அடியில் அகன்று வேரோடு பரந்திருக்க வேண்டிய மரம், விளக்குக் கம்பம் மாதிரி நேராக நிலத்துக்குள் இறங்குகிறது. ஒன்றரை அடி கிரவல் கொட்டி மட்டம் பண்ணியிருக்கிறார்கள். இதற்குப் பிறகு பக்கத்து வளவுக்காரரை ஏன் இழுப்பான்?

கொந்தராத்துக்காரரைக் கேட்டால், “ஆணிவேர் கிணத்தடிக்கே போயிருக்கும், மேல்மண்ணில என்ன செய்தாலும் அதுக்கென்ன?” என்கிறார். படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பழைய கிணற்றுக்குள் அரசவேர் தொங்குவதைக் கண்டிருக்கிறோம், சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே ஒன்றிரண்டு வேர் ஆழம் இறங்கும், அது உண்மை. ஆனால் மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் எடுத்துக் கொடுப்பது அந்த ஒன்றிரண்டு அல்ல. நூல் மாதிரியான சின்ன வேர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன, அவற்றில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, ஏனென்றால் வேருக்கும் காற்று வேண்டும். ஆழத்துக்குப் போகாத அந்த வேர்கள் பக்கவாட்டில் போகின்றன, கிளை நிழலைத் தாண்டி, சில வேளை மதிலையும் தாண்டி. எங்கள் செம்மண்ணில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே கல், அங்கே வேருக்குப் பக்கவாட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அதன் மேல் கிரவல் கொட்டி, டிப்பரை நாலு மாதம் ஓட்டி இறுக்கி, கொங்கிரீட் குழைத்த மெசினையும் அங்கேயே கழுவி ஊற்றிவிட்டு, “கை வைக்கேல்லை” என்றால் என்ன நியாயம்?

மரம் உடனே சாகாது, சேமித்து வைத்ததைத் தின்று இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அதற்குள் வீடு விற்றாகிவிடும், பழி பூச்சிக்கோ கண்ணூறுக்கோ போய்விடும். ஒருபக்க வேரை அத்திவாரத்துக்காக வெட்டிய மரமென்றால் இன்னும் மோசம். பெருங்காற்றுக்குச் சாய்ந்தபின் “பெரிய மரம் வீட்டுக்கு ஆபத்து” என்று மிச்சத்தையும் தறிப்பார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? நெஞ்சளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து நாலால் பெருக்குங்கள். சுற்றளவு 6 அடி என்றால் அடிமரத்திலிருந்து நாலாபக்கமும் 24 அடி. ஜேசிபி வளவுக்குள் வருவதற்கு முன்பே அந்த எல்லையில் வேலி போட வேண்டும், பழைய தகரமும் கதியாலும் போதும். உள்ளே மணல், கல், சீமெந்து அடுக்காதீர்கள், குப்பை எரிக்காதீர்கள், மண் ஏற்றவும் வேண்டாம், வழிக்கவும் வேண்டாம். மதில் அந்த எல்லைக்குள்தான் போகவேண்டுமென்றால் தொடர் அத்திவாரத்தை விட்டுவிட்டு, வேருக்கு இடைவெளி பார்த்துத் தூண் இறக்கி மேலே பீம் போடுங்கள், செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. பனைக்குத் தனியாக ஒரு சொல்: பனையின் காயம் வேம்பின் காயம்போல மூடாது. ஆணி அடிப்பது, ஜேசிபி வாளியால் இடிப்பது எல்லாம் அதற்கு ஆயுள் முழுக்க இருக்கும். பெண்பனை, பலா, ஈரப்பலா மூன்றையும் தறிக்க அனுமதி வேண்டும், 1951 முதல் சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் மண்ணேற்றிக் கொல்வதற்கு அனுமதி எடுப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

திறந்த வெளிக்கு வருகிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபை விதிப்படி ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது எங்கள் கணக்கில் ஏறத்தாழ 40 பரப்புக்கு, மேற்பட்ட காணியைத் துண்டாடினால் வீதி போக நூற்றுக்குப் பத்துப் பொது வெளியாக விடவேண்டும். உடனே 38 பரப்பாகப் படம் வரையச் சொல்லி வருவார்கள், மிச்சம் அடுத்த வருடமாம். விட்டாலும் அந்த இடத்தில் குப்பை, டிப்பர் தரிப்பிடம், கடைசியில் ஒரு கடை. அந்த வெளி ஏன் வேண்டும்? குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே கேட்டிருப்பீர்கள், ஊர்க் கிணறுகளுக்குக் கீழேயும் அதே கதைதான். முற்றம் முழுக்க இன்டர்லொக் கல்லைப் பதித்துவிட்டு, பங்குனியில் கிணறு உவர்க்கிறது என்று என்னைக் கூப்பிடாதீர்கள். வளவின் மிகப் பள்ளமான மூலையையே பொது வெளியாக விடுங்கள். நிரப்பாதீர்கள். 2008 நிஷாப் புயலுக்கும் 2020 புரெவிப் புயலுக்கும் வெள்ளம் எங்கே போய் நின்றது என்று அயலில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள், மட்டம் பார்க்கும் என் லெவல் மெசினை விட வேகமாகச் சொல்வார்கள்.

ஏற்கெனவே மண் ஏற்றியாகிவிட்டதா? தயவுசெய்து இந்தக் கிழமையே மண்வெட்டியால் பழைய மட்டம் வரை விலக்குங்கள், ஜேசிபி வேண்டாம். சருகு பரப்பி, கோடையில் இடைக்கிடை தண்ணீர் விடுங்கள். உரம் போடாதீர்கள். எல்லாம் பிழைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன், முதல் வருடத்திலேயே விலக்கினால் வாய்ப்பு நல்லது.

வெளிநாட்டிலிருந்து காணி எடுக்கிறவர்களே, சேர்வேயர் படத்தில் எல்லைக்கல்லோடு மரங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் நாளில் வட்ஸ்அப்பில் வீடியோ கேளுங்கள். அதில் மரத்தைச் சுற்றி வேலி தெரியாவிட்டால் முதல் தவணைக் காசை அனுப்பாதீர்கள்.