மருத்துவக் கல்லூரியில் யார் பாடம் நடத்தலாம்? 2025 விதிமுறை சொல்வது என்ன?

ஆஸ்பத்திரி அறை வாசலில் "பேராசிரியர், பொது மருத்துவம்" என்று பலகை மாட்டியிருக்கும். நோயாளியாகப் போகிற நாம் டாக்டரின் பெயரைப் பார்ப்போம், பட்டங்களைப் பார்ப்போம், அந்தப் பேராசிரியர் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவோம். உள்ளே இருப்பவர் அந்தச் சொல்லுக்காகக் குறைந்தது எட்டு வருடமாவது செலவழித்திருப்பார். அதுவும் எம்.பி.பி.எஸ்., முதுநிலைப் படிப்பு எல்லாம் முடித்த பிறகு எட்டு வருடம். எங்கே வேலை பார்த்தார், என்ன எழுதினார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வைத்திருப்பது மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம். 2025 ஜூலை தொடக்கத்தில் அந்தக் கணக்கு பெரிய அளவில் மாறியது.

மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர்கள், ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்கள், எம்.எஸ்சி. முடித்துவிட்டு உடற்கூறியலோ நுண்ணுயிரியலோ நடத்துபவர்கள், பிள்ளையை மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருக்கும் பெற்றோர் என்று பலரையும் தொடுகிற மாற்றம் இது. அதனால் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

முதலில் பழைய வழி. இது ஒழிந்துவிடவில்லை, இன்றும் இதுதான் பிரதான சாலை. எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்தவர், அதே பாடத்தில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு வருடம் சீனியர் ரெசிடென்டாக, அதாவது முதுநிலை முடித்த பயிற்சி நிலை டாக்டராக, இருக்க வேண்டும். அதன் பிறகு உதவிப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி வரும். அதில் நான்கு வருடம் பணியாற்றி, இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டால் இணைப் பேராசிரியர். அங்கே மூன்று வருடம் இருந்து, கட்டுரைகளின் எண்ணிக்கை மொத்தம் நான்கானால் பேராசிரியர். ஒன்று, நான்கு, மூன்று: நான் சொன்ன எட்டு வருடம் இதுதான்.

நடுவில் இரண்டு பயிற்சிகளும் உண்டு. ஒன்று, எப்படிக் கற்பிப்பது என்பதற்கான மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிற்சி. இதற்கென்று ஆணையம் குறித்திருக்கும் மையங்களில் வேலூர் சி.எம்.சி.யும் ஒன்று. இன்னொன்று, எப்படி ஆராய்வது என்பதற்கான மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சி. இதை நடத்துவது சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம். பாடங்கள் இணையவழியில் நடப்பதால் எந்த ஊரில் வேலை பார்ப்பவரும் சேர்ந்து படிக்கலாம்.

தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் முதுநிலைத் தகுதியான டி.என்.பி. முடித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 37ஆவது பிரிவு டி.என்.பி.யை எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்குச் சமமாக ஏற்கிறது. ஆனால் படித்த இடம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையாகவோ 500 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால், கற்பிக்கும் பணிக்கு வருவதற்கு மருத்துவக் கல்லூரியில் கூடுதலாக ஒரு வருடம் சீனியர் ரெசிடென்டாக இருக்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் விண்ணப்பித்துவிட்டு, நேர்காணலுக்குப் போன இடத்தில் தெரிந்துகொள்வது வேதனையான விஷயம்.

சரி, 2025இல் என்ன மாறியது?

இதுவரை கற்பிக்கும் தகுதி என்பது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியின் மதில் சுவருக்கு உள்ளேயே சம்பாதிக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பதினைந்து வருடம் அறுவை சிகிச்சை செய்தவராக இருந்தாலும், கல்லூரியில் ஒரு வருடம் சீனியர் ரெசிடென்டாக இருந்திருக்காவிட்டால் அவர் உதவிப் பேராசிரியராவதுகூட சுலபமாக இருக்கவில்லை. புதிய விதிமுறை இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. குறைந்தது 220 படுக்கைகள் உள்ள அரசு மருத்துவமனையில் முதுநிலைப் பட்டத்தோடு இரண்டு வருடம் சிறப்பு மருத்துவராக இருந்தவர், சீனியர் ரெசிடென்சி இல்லாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம். பத்து வருடம் இருந்தவர் நேரடியாக இணைப் பேராசிரியர் ஆகலாம். மேலே சொன்ன ஆராய்ச்சிப் பயிற்சியை மட்டும் இரண்டு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அதென்ன 220? காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் குறைந்தபட்சத் தேவைகள் விதிப்படி, 50 எம்.பி.பி.எஸ். இடங்களோடு ஒரு கல்லூரி நடத்த 220 படுக்கைகள் வேண்டும். அதாவது, சிறிய மருத்துவக் கல்லூரி ஒன்றைத் தாங்கும் அளவுக்கு நோயாளிகள் வருகிற மருத்துவமனை என்றால், அங்கே கிடைக்கும் அனுபவத்தையும் கற்பித்தலுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இதன் பின்னுள்ள கணக்கு. இதே அளவுள்ள, இதுவரை கல்லூரி இல்லாத அரசு மருத்துவமனைகளையும் கற்பிக்கும் மருத்துவமனைகளாக அறிவிக்க இப்போது வழி செய்திருக்கிறார்கள்.

இது திடீரென்று வந்ததல்ல. ஐந்து வருடத்தில் 75,000 மருத்துவ இடங்களைக் கூட்டப்போவதாக 2024இல் மத்திய அரசு அறிவித்தது. கட்டடத்தைக் கட்டிவிடலாம், படுக்கையை வாங்கிவிடலாம். உடற்கூறியல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? ஆசிரியர் பற்றாக்குறைதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தது. அதனால்தான் முதுநிலைப் படிப்பு தொடங்க இரண்டு ஆசிரியர்களும் இரண்டு இடங்களும் போதும் என்று தளர்த்தினார்கள். மருத்துவத்துக்கு அடித்தளமான பாடங்களில் சீனியர் ரெசிடென்டாகச் சேரும் வயது வரம்பையும் 50 ஆக்கினார்கள்.

மருத்துவத்தில் முதுநிலை டிப்ளமோ முடித்தவர்களுக்கும் வழி கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவ நிறுவனத்திலோ, தேசியத் தேர்வு வாரியத்தின் படிப்புகள் நடக்கும் நிறுவனத்திலோ, தங்கள் துறையில் மொத்தம் ஆறு வருடம் சிறப்பு மருத்துவராகவோ மருத்துவ அலுவலராகவோ இருந்திருந்தால் அவர்கள் உதவிப் பேராசிரியர் ஆகலாம். அதே வாரியம் அங்கீகரித்த அரசு நிறுவனங்களில் மூன்று வருடம் கற்பித்த மூத்த மருத்துவர்களுக்குப் பேராசிரியர் பதவிக்கே தகுதி உண்டு.

எம்.பி.பி.எஸ். படிக்காமல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவப் பாடத்தில் எம்.எஸ்சி.யும் அதற்கு மேல் பி.எச்டி.யும் முடித்தவர்கள் இவர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் வகுப்புகளைப் பல கல்லூரிகளில் வருடக்கணக்காகத் தாங்கி வந்தவர்கள். ஆணையத்துக்கு முன்பிருந்த மருத்துவக் கவுன்சிலின் 1998ஆம் ஆண்டு விதிப்படி உயிர்வேதியியலில் பாதி இடங்கள் வரையிலும், உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், நுண்ணுயிரியல் ஆகிய நான்கிலும் 30 சதவீதம் வரையிலும் இவர்களை நியமிக்கலாம். 2020இல் ஆணையம் வந்த கையோடு முதல் மூன்று பாடங்களில் இது 15 சதவீதமாகக் குறைந்தது. மருந்தியலிலும் நுண்ணுயிரியலிலும் கதவை முழுதாகவே மூடிவிட்டார்கள். பி.எச்டி.யை நம்பிப் பல வருடம் உழைத்தவர்களுக்கு அது பெரிய அடி. 2025 விதிமுறை அந்த இரண்டு பாடங்களையும் அவர்களுக்குத் திரும்பத் திறந்திருக்கிறது. எனக்கு இதில் மனதாரச் சந்தோஷம். நுண்ணுயிரியலில் ஆழமாக ஆராய்ச்சி செய்த ஒருவர், தனக்கு ஸ்டெதாஸ்கோப் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மாணவர்களை இழக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஆராய்ச்சியாளர்கள். ஆணையத்திலோ மாநில மருத்துவக் கவுன்சிலிலோ, பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்வித் துறையிலோ, மருத்துவ ஆராய்ச்சி செய்யும் அரசு அமைப்பிலோ வேலை பார்த்த காலத்தில் ஐந்து வருடம் வரைக்கும் கற்பித்தல் அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது புதிய விதிமுறை. அரசு ஆராய்ச்சி அமைப்பு என்றதும் நினைவுக்கு வருவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதன் நிலையங்களும்தான்.

இதை அலுவலகச் சலுகை போலப் பார்க்கக் கூடாது. சென்னையில் 1956இல் காசநோய்க்காக ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் வழக்கம். இந்த மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானபோது, வீட்டில் மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானது தெரிந்தது. அவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருடம் இருந்தவர் வகுப்பறைக்கு வந்தால், நோயாளிகளை எப்படிப் பிரித்து ஆய்வு செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைத் தன் கையால் செய்த வேலையை வைத்தே சொல்லிக்கொடுக்க முடியும்.

கட்டுரைகள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தப் பத்திரிகையில் வந்தாலும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற அட்டவணைகளில் இடம்பெற்ற இதழாக இருக்க வேண்டும். எழுதியவர் வரிசையில் முதல் மூன்று பெயர்களில் ஒருவராகவோ, தொடர்புக்குரிய கட்டுரையாளராகவோ இருக்க வேண்டும். அவசரத்தில் பணம் கட்டி ஏதோ ஒரு இதழில் போட்டுவிட்டு, பதவி உயர்வு நேரத்தில் அது செல்லாது என்று தெரிந்து தவிப்பவர்கள் இருக்கிறார்கள். இதழ் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆணையத்தின் விதிமுறை தகுதியை மட்டும்தான் சொல்கிறது, வேலை கொடுப்பதில்லை. பலரும் குழம்புவது இங்கேதான். தமிழ்நாட்டு அரசுப் பணியில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக உதவி மருத்துவராகச் சேர்ந்து, பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, பணியில் இருந்துகொண்டே முதுநிலை படித்து, பிறகு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் கல்லூரிக்கு வருவதுதான் வழக்கமான பாதை. இட மாறுதலும் கலந்தாய்வும் பதவி உயர்வும் மாநிலப் பணி விதிகளின்படி நடக்கும். பத்து வருட அனுபவம் இருப்பவர்கள் எல்லாரும் நாளைக்கே இணைப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது.

இந்தத் தளர்வுகளில் எனக்கு ஒரு கவலையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நன்றாகச் சிகிச்சை செய்கிறவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று சொல்ல முடியாது. மாவட்ட மருத்துவமனையில் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்துப் பழகியவருக்கு, ஒரே நோயாளியின் படுக்கையருகே நின்று பத்து மாணவர்களுக்கு அரை மணி நேரம் பேசுவது புதிய வேலை. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியைக் கல்லூரிகள் ஒப்புக்கு நடத்திவிட்டு விட்டுவிடக் கூடாது.

பெற்றோரும் மாணவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியலை வெளியிட வேண்டும். சேரப்போகும் கல்லூரியின் பட்டியலைத் திறந்து, துறைக்கு எத்தனை பேர், என்ன தகுதி என்று பாருங்கள். பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆள் வராத கல்லூரிகள் இருந்ததால்தான், 2025 மே 1 முதல் முகம் பார்த்து இடத்தையும் சரிபார்க்கும் ஆதார் வருகைப்பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஆசிரியர்களுக்கு வேலை நாட்களில் 75 சதவீத வருகை தேவை. அங்கே படிக்கும் சீனியர் மாணவர் ஒருவரைக் கேட்டாலே, பட்டியலில் உள்ளவர்கள் வகுப்புக்கு வருகிறார்களா என்று தெரிந்துவிடும்.

மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவியில் இருந்தீர்கள், மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் என்பதெல்லாம் அதில் தெளிவாக வரவேண்டும். மாறுதலாகிப் போன பிறகு, பழைய மருத்துவமனையில் கண்காணிப்பாளரும் மாறியிருப்பார், எழுத்தரும் மாறியிருப்பார். அப்போது ஒரு தாளுக்காக மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருக்கும்.