பிசுபிசுத்த பச்சை: மலையகத்தில் நாணய ஆல்பம் வாங்குமுன்

இந்த மழைக்காலத்தில் மதிப்பிடச் சொல்லி வந்த ஆல்பங்களில் இது ஐந்தாவது. ஹட்டன் பக்கத்து வீடொன்றின் சேகரிப்பு. விக்டோரியா ராணி தலை போட்ட இந்திய வெள்ளி ரூபா நாலு, 1870ஆம் ஆண்டின் செப்பு 5 சதம் இரண்டு, 1957 புத்த ஜயந்தி 5 ரூபா ஒன்று, பிறகு இரண்டு பக்கம் நிறைய அலுமினியச் சில்லறை. ஆல்பத்தைத் திறந்ததுமே புதுச் செருப்பு வாசம். வெள்ளியிலும் செம்பிலும் எண்ணெய் தடவியதுபோலப் பச்சையாக ஒரு படலம். தொட்டால் விரலில் இழுபடுகிறது. தகரப் பெட்டியில், துணி முடிச்சுக்குள், தலைமுறைகளைக் கடந்து வந்த காசுகள் அவை. பாதுகாக்கும் ஆசையில் ஆல்பத்துக்கு மாற்றிய ஆறே வருஷத்தில் கெட்டுவிட்டன.

ஒவ்வொரு முறையும் சொல்லப்படுவது ஒன்றுதான்: “பழைய காசுதானே, களிம்பு பிடிக்கத்தானே செய்யும்?”

இது களிம்பு இல்லை. காலத்தால் வரும் களிம்பு காய்ந்திருக்கும், உலோகத்தோடு இறுகியிருக்கும், சுரண்டினால் தூளாக உதிரும். ஆல்பம் தருகிற பச்சை ஈரமாக, பசையாக இருக்கும். எழுத்தோரங்களிலும் தலையின் விளிம்பிலும் முதலில் தேங்கும். இதற்குக் காரணம் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். தன்னியல்பில் அது விறைப்பானது, தண்ணீர்க் குழாய் செய்வது அதில்தான். அதையே மடிகிற பக்கமாக்க வேண்டுமென்றால் எண்ணெய் போன்ற ஓர் இளக்கியைக் கலக்க வேண்டும். வருஷம் போகப் போக இளக்கி வெளியே கசிந்து காசில் படியும். பி.வி.சி. சிதையும்போது அமிலமும் வெளிவரும். அந்த அமிலம் செம்பைப் பிடித்துப் பச்சையாக்கும். “வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது” என்பதும் தப்பு. அந்தப் பழைய இந்திய ரூபா 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம், மிச்சமெல்லாம் செம்பு. பச்சை பிடிக்க அந்த மிச்சமே போதும்.

கடையில் தேர்வு எப்படி நடக்கிறது? கண்ணாடிபோலத் தெரிகிறதா, மெதுவாக வளைகிறதா, தடிப்பாக இருக்கிறதா, விலை கொஞ்சம் கூடவா? இந்த நாலும் இருந்தால் நல்ல ஆல்பம் என்று எடுத்துவிடுகிறார்கள். நாலில் ஒன்றுகூடக் காசைக் காப்பாற்றாது. மெதுவாக இருந்தால் காசு கீறாது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் மோசம். பக்கத்தை மெதுவாக்குகிற அதே பொருள்தான் காசைக் கெடுக்கிறது. எவ்வளவு மெதுவோ அவ்வளவு இளக்கி. ‘நாணய ஆல்பம்’ என்று அட்டையில் பொன்னெழுத்தில் அச்சடித்திருப்பதும் உத்தரவாதம் இல்லை. பார்க்க வேண்டியது பக்கம் எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது என்பதை மட்டும். பொலிபுரொப்பிலீன், பொலித்தீன், பொலியெஸ்டர் இந்த மூன்றும் பாதுகாப்பானவை. மைலார் என்பது பொலியெஸ்டரின் ஒரு வகை. உறையில் இவற்றில் ஒன்றின் பெயரோ ‘பி.வி.சி. இல்லை’ என்ற குறிப்போ இல்லையென்றால், முதலில் ஒரு பக்கம் மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.

மூக்கே முதல் சோதனை. புதுச் செருப்பு, மழைக்கோட்டு, குளியலறைத் திரை வாசம் அடித்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது தண்ணீர். பக்கத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டி, சவர்க்காரம் ஒரு துளி விட்ட தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் குமிழிகளைத் தட்டிவிட்டு விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பொலிபுரொப்பிலீன் அல்லது பொலித்தீன், நிம்மதியாக வாங்கலாம். மூழ்கினால் பி.வி.சி.யாக இருக்கலாம், பொலியெஸ்டராகவும் இருக்கலாம், அதுவும் மூழ்கும். பொலியெஸ்டர் விறைப்பாக இருக்கும், கசக்கினால் சரசரக்கும்; பி.வி.சி. சத்தமின்றித் துணிபோல மடியும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் செப்புக் கம்பி. மின்கம்பியின் உறையை உரித்து, உள்ளிருக்கும் கம்பியைக் குறட்டால் பிடித்து, சுவாலையின் நிறம் மாறாமல் எரியும்வரை முதலில் சுட வேண்டும். பிறகு சூடான கம்பியைப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி சுவாலையில் காட்டுங்கள். சுவாலை பச்சையானால் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. இதை வெளி முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கடுகளவு பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். அந்தப் புகையை முகர வேண்டாம். பிள்ளைகளிடம் விட வேண்டாம்.

போட்டோ ஆல்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பசை பூசிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற வகையில் காசு வைக்கவே கூடாது. அந்தப் பசை உலோகத்தில் ஏறும், எடுக்கும்போது காசில் வரி விழும். டேப் ஒட்டிக் காசைப் பிடித்து வைப்பவர்களுக்கும் இதே பதில்.

துளையில் அமுக்கி வைக்கிற அட்டை ஆல்பங்கள் பிள்ளைகள் தொடங்குவதற்குச் சரி. புழக்கத்தில் தேய்ந்த சில்லறைக்கு அதுவே போதும். ஒரு பக்கம்தான் தெரியும், கட்டைவிரலால் அமுக்கும்போது ரேகை பதியும், சில மாதத்தில் அந்த ரேகை பழுப்பாக நிலைத்துவிடும். துளையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பட்டி இழுத்து மூடுகிற வகையில், பட்டியை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அரசன் கன்னத்திலும் முடியிலும் மெல்லிய கோடுகள் விழும். புத்தம்புதுக் காசுக்கு இரண்டுமே வேண்டாம்.

மலையகத்துச் சேகரிப்பாளருக்கு நடைமுறையில் சரிவருவது இதுதான்: 5 சென்ரிமீற்றர் சதுர அட்டை, நடுவே மைலார் ஜன்னல், அந்த அட்டைகளைப் போடப் பொலிபுரொப்பிலீன் பக்கம், பக்கங்களைக் கோக்க வளையக் கோப்பு. ‘டூ பை டூ’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ஜன்னல் 17.5 முதல் 39.5 மில்லிமீற்றர் வரை பல அளவில் வரும். காசை அளந்துவிட்டு வாங்குங்கள், கண்மதிப்பு வேண்டாம். வெள்ளி ரூபா ஏறத்தாழ 30.5 மில்லிமீற்றர், அதற்கு 32.5 ஜன்னல். சதுர 5 சதத்தைப் பக்கத்தோடு பக்கம் அளந்தால் மூலைகள் அட்டையில் முட்டும். மூலையிலிருந்து மூலைக்கு அளக்க வேண்டும். பூவிதழ் விளிம்புள்ள 2 சதம், 10 சதக் காசுகளுக்கு இதழ்முனையிலிருந்து எதிர் இதழ்முனைக்கு.

அட்டையை மடித்து ஸ்டேப்ளர் அடிப்பதில்தான் பாதிப்பேர் பிழை விடுகிறார்கள். மூன்று பக்கமும் ஒவ்வொரு ஊசி, ஜன்னலிலிருந்து தள்ளி. அடித்தபின் ஊசியின் பின்முனையைக் குறட்டால் தட்டையாக நசுக்குங்கள். நசுக்காத முனை அடுத்த பக்கத்துக் காசை மைலாரோடு சேர்த்துக் கீறும். நுவரெலியா, மஸ்கெலியா ஈரத்தில் சாதாரண ஊசி துருவேறும்; துருப்பிடிக்காத உருக்கு ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். காசை வெளியே எடுக்கும்போது அட்டையைப் பிய்க்காதீர்கள், ஊசிமுனை குறுக்கே இழுத்துவிடும். ஊசிகளை முதலில் முழுவதும் கழற்றுங்கள். மூடுமுன் அட்டைத் தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் துளி ஒவ்வொன்றும் ஒரு கறும்புள்ளி ஆகும். சின்ன ரப்பர்க் குமிழால் காற்றடியுங்கள்.

கோப்பின் பாரத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 20 அறை. அதில் வெள்ளி ரூபா நிரப்பினால் காசு மட்டுமே 233 கிராம். பத்துப் பக்கம் என்றால் இரண்டேகால் கிலோவுக்கு மேல். வட்ட வளையம் அதைத் தாங்காமல் வாய் பிளக்கும், பக்கத்தின் துளை கிழியும். ஒரு பக்கம் நேராக இருக்கும் ‘டி’ வடிவ வளையம் எடுங்கள், பாரமான காசென்றால் எட்டுப் பக்கத்தோடு நிறுத்துங்கள், கோப்பை நிமிர்த்தி வையுங்கள். 2013 என்று பொறித்த மாவட்ட 10 ரூபா வரிசையைச் சேர்ப்பவர்கள் கவனிக்க: 25 காசு, ஒரு பக்கத்தில் 20 அறை. இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டே தொடங்குங்கள்.

விலைமதிப்புள்ள காசுக்கு விறைப்பான கெப்சூல், அதாவது ஒற்றைக் காசை மூடி வைக்கும் பிளாஸ்டிக் கூடு, நல்லது. அளவு சரியாக இருக்க வேண்டும். உள்ளே ஆடினால் விளிம்பு அடிபடும்.

இனி ஈரம். கொழும்பில் இருப்பவர் எழுதிய ஆலோசனையை அப்படியே தலவாக்கலையில் பின்பற்ற முடியாது. மழை மாதங்களில் நம் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரையின் உட்பக்கம் விடியற்காலையில் சொட்டுகிறது, லயத்துக் காம்பராவின் பின்சுவர் வருஷம் முழுக்க வியர்க்கிறது. அலுமினியச் சதங்களில் வெள்ளைப் பொடி பூப்பதும், 2005க்குப் பிந்திய முலாம் பூசிய உருக்குக் காசுகளில் விளிம்போரம் துரு எட்டிப் பார்ப்பதும் இதனால்தான். கோப்பைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். அடுப்படிக்குப் பக்கத்து அலுமாரியும் வேண்டாம், விறகுப் புகை அட்டைக்குள் இறங்கும்.

செய்ய வேண்டியது: ரப்பர் விளிம்பில்லாமல், இறுக்கி மூடும் பொலிபுரொப்பிலீன் டப்பா ஒன்று. 10 லீற்றர் டப்பாவுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம், துணிப்பையில். சிறிய ஈரமானி ஒன்றையும் உள்ளே போட்டு, 35க்கும் 50க்கும் இடையில் முள் நிற்கிறதா என்று பாருங்கள். மூடுகிற நாள் முக்கியம். பனிமூட்டத்தில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயில் நாளொன்றில், பத்தரை மணிக்குப் பிறகு, அட்டைகளையும் பக்கங்களையும் இரண்டு மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு மூடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் கேக் சுடும் ‘ஒவனில்’ 110, 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட்டால் மறுபடி வேலை செய்யும். ஒவன் இல்லாத வீட்டில் இதற்கென்றே ஒரு பழைய இரும்புச் சட்டியை ஒதுக்கி, மெல்லிய தீயில் கிளறி வறுக்கலாம். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் சேரும் கோபால்ட் நஞ்சு. செம்மஞ்சள் வகையைக் கேளுங்கள். உப்பையோ அரிசியையோ முடிச்சாகக் கட்டிப் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உப்பில் உள்ள குளோரைடு செம்புக்கு எதிரி. அரிசியில் வண்டு வரும், தூசி வரும்.

வெள்ளியைக் கறுப்பாக்குவது கந்தகம். ரப்பர் பட்டி, தீப்பெட்டி, மலிவான கறுப்புக் காகிதம், கம்பளி எல்லாவற்றிலும் அது உண்டு. கொழுந்துக்குப் போகையில் போர்த்திய பழைய கம்பளியில் வெள்ளிக்காசைச் சுற்றி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பாசத்தோடு செய்வது, ஆனால் காசு கறுத்துப்போகும். பூச்சியுருண்டையையும் டப்பாவுக்குள் போடாதீர்கள், அதன் ஆவி கெப்சூல் பிளாஸ்டிக்கை இளக்கும்.

கோப்பித் தோட்டக் காலத்துப் பித்தளை, செப்பு டோக்கன்கள் சில வீடுகளில் கொத்துகிற மண்ணிலிருந்து கிடைக்கின்றன. அவற்றில் வெளிர்பச்சை மாப்பொடி உதிர்ந்தால் மற்றக் காசுகளோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். அது மண்ணின் குளோரைடு உள்ளே வேலை செய்வதன் அடையாளம், காற்றில் ஈரம் இருக்கும்வரை நிற்காது. தனி டப்பா, இரட்டிப்பு ஜெல். புளி, சாம்பல், பற்பசை, பித்தளை பொலிஷ் எதையும் எந்தக் காசிலும் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும், திருப்பித் தர யாராலும் முடியாது.

ஏற்கெனவே பச்சைப் பிசின் பிடித்துவிட்டதா? இன்றைக்கே எல்லாக் காசையும் வெளியே எடுங்கள், கெட்டதையும் கெடாததையும். சுத்தமான அசிட்டோன் வேண்டும். நெயில் பொலிஷ் நீக்கி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கிட்டே இல்லாத, காற்றோட்டமான இடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரையலாம். காசைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விளிம்பைப் பிடித்து எடுத்து, புதிய அசிட்டோனில் இன்னொரு பத்து நிமிடம். துடைக்க வேண்டாம், தானாக உலரட்டும். வண்ணம் பூசிய நினைவுக் காசுகளை இதில் போடாதீர்கள், வண்ணம் கழன்றுவிடும். பிசின் போனபின் அடியில் மங்கலாகக் குழி தெரிந்தால், அமிலம் உலோகத்தை ஏற்கெனவே தின்றிருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும். பழைய பி.வி.சி. பக்கங்களை வீட்டுப் பிள்ளைகளின் ஸ்டிக்கருக்குக் கொடுத்துவிடுங்கள், காசு இருக்கும் அலுமாரிக்குள் மட்டும் திரும்பப் போகக் கூடாது. காப்பாற்றிய காசுகளைப் புதிய அட்டைகளில் போட்டு, அட்டையின் ஓரத்தில் பென்சிலால் திகதி எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். எழுத்தோரத்தில் பச்சை திரும்பவும் எட்டிப் பார்த்தால் இன்னொரு அசிட்டோன் குளியல் தேவை.